நாற்பது நாள் பெயர்



ஒரு கால்பந்து அணி நாற்பதே நாள் சூடியிருந்துவிட்டுக் கழற்றிப் போட்ட பெயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தப் பெயரில் அந்த அணி ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். இருக்கிறது. நூறு ஆண்டு நிலைத்த பெயர் நமக்குப் பழகிவிடுகிறது, அதற்குள் எட்டிப் பார்க்கத் தோன்றுவதில்லை. சூட்டிய கையோடு உதிர்ந்த பெயர் அப்படியல்ல. யார் சூட்டினார்கள், யாருக்கு வலித்தது, யார் கணக்குப் போட்டார்கள் என்பதெல்லாம் அதில் வெளியே தெரியும்.

இடம் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம், ஹூஸ்டன் நகரம். அங்கே 'ஃபுட்பால்' என்றால் தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதும் வேறொரு ஆட்டம். நாம் கால்பந்து என்பதை அவர்கள் 'சாக்கர்' என்கிறார்கள். அந்த சாக்கருக்கு 1996 முதல் நடக்கும் தேசிய லீக் ஒன்று உண்டு, மேஜர் லீக் சாக்கர். அதில் கலிஃபோர்னியாவின் சான் ஹொசே நகர அணி 2001, 2003 என இரண்டு முறை கோப்பை வென்ற அணி. ஆனால் சொந்தமாக ஒரு நல்ல மைதானம் அமையவில்லை. 2005 டிசம்பரில் உரிமையாளர்கள் வீரர்களையும் பயிற்சியாளரையும் மூட்டை கட்டி ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். பெயர், வண்ணம், வென்ற கோப்பைகளின் பெருமை மூன்றும் சான் ஹொசேவிலேயே தங்கிவிட்டன. இப்படியாக ஹூஸ்டனில் வந்து இறங்கியது நல்ல கால்கள் உள்ள, பெயர் இல்லாத ஓர் அணி.

சான் ஹொசேவில் விட்டுவந்த பெயர் என்ன தெரியுமா? எர்த்க்வேக்ஸ், அதாவது நிலநடுக்கங்கள். 1989இல் அந்தப் பகுதியில் நிலம் நடுங்கி 63 பேர் இறந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு, 2000 சீசனுக்காக, அந்தப் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து மறுபடியும் சூட்டினார்கள். ரசிகர்கள் சந்தோஷமாகக் கத்தினார்கள். தனக்கு நேர்ந்த கேட்டைத் தானே பெயராக்கிக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை ஓர் ஊருக்கு உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஹூஸ்டனில் ரசிகர்களிடமே பெயர் கேட்டார்கள். குவிந்த யோசனைகளை வைத்துக்கொண்டு நிர்வாகம் 2006 ஜனவரி 25 அன்று அறிவித்த பெயர்: ஹூஸ்டன் 1836.

பெயரோடு ஆண்டைச் சேர்ப்பது ஐரோப்பிய வழக்கம். ஜெர்மனியில் ஹனோவர் 96, ஷால்கே 04, மியூனிக் 1860 என்று வரிசையாக இருக்கின்றன. புதுப்பணக்காரர்கள் பழைய ஜமீன் பங்களாவை விலைக்கு வாங்குவார்களே, ஹூஸ்டனுக்கு வந்தது அந்த ஆசைதான். ஆனால் ஜெர்மன் கிளப்புகளின் எண்கள் அந்தந்த கிளப் பிறந்த ஆண்டுகள். ஷால்கேவின் 04 என்பது 1904இல் சில இளைஞர்கள் ஒன்றுகூடிப் பந்தை உதைக்கத் தொடங்கியதைக் குறிக்கும். ஹூஸ்டன் அணியின் உண்மையான பிறந்த ஆண்டைப் போட்டிருந்தால் 05 என்றோ 06 என்றோ வந்திருக்கும். தனக்கென்று ஒரு நேற்று இல்லாததால் ஊரின் நேற்றைக் கடன் வாங்கினார்கள். எந்த நேற்று என்று பார்க்காமல் வாங்கினார்கள்.

நிர்வாகம் சொன்ன காரணம் எளிமையானது. ஹூஸ்டன் நகரம் தோன்றிய ஆண்டு 1836. அது உண்மைதான். நியூயார்க்கிலிருந்து வந்த அகஸ்டஸ் ஆலன், ஜான் ஆலன் என்ற சகோதரர்கள் பஃபலோ பாயு என்ற ஓடைக்கரையில் நிலம் வாங்கி, அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் பத்திரிகையில் மனை விளம்பரம் கொடுத்தார்கள். கொசுவும் சேறுமாகக் கிடந்த அந்த இடத்துக்கு ஒரு போர்வீரரின் பெயரை வைத்தால் விலை போகும் என்று கணக்குப் போட்டுத்தான் ஹூஸ்டன் என்று பெயர் வைத்தார்கள் என்பது என் எண்ணம். ரியல் எஸ்டேட்காரர்கள் எல்லா நூற்றாண்டிலும் ஒரே மாதிரிதான்.

சரி, ஊர் பிறந்த ஆண்டுதான் என்றால், அணியின் சின்னத்தில் யார் இருந்திருக்க வேண்டும்? ஆலன் சகோதரர்கள், அல்லது அந்த ஓடை. சின்னத்தில் இருந்தவரோ குதிரைமேல் அமர்ந்த தளபதி சாம் ஹூஸ்டன். மனை விளம்பரத்தின் ஆண்டு இது என்று வாய் சொன்னது. சின்னம் போர்க்களத்தைக் காட்டியது. நிர்வாகத்தின் வாதம் அந்தக் குதிரையின் காலடியிலேயே விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அந்தப் போர்க்களத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1836 தொடங்கும்போது டெக்ஸாஸ் மெக்சிகோவின் ஒரு பகுதி. அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்களின் எண்ணிக்கை அங்கேயே பிறந்து வளர்ந்த மெக்சிகர்களைத் தாண்டிவிட்டிருந்தது. வந்தவர்களில் பலர் பருத்தி விளைவிக்க அடிமைகளோடு வந்தவர்கள். மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது. டெக்ஸாஸுக்கு விலக்குக் கொடுத்தும் உரசல் தீரவில்லை. மறுபக்கம், அதிபர் சாண்டா அன்னா மாநிலங்களின் உரிமைகளைப் பறித்து அதிகாரத்தைத் தலைநகரில் குவித்தார். கலகம் வெடித்தது. மார்ச் 2 அன்று டெக்ஸாஸ் விடுதலையை அறிவித்தார்கள். மார்ச் 6 அன்று விடியற்காலையில் சான் அன்டோனியோவின் அலாமோ கோட்டையை சாண்டா அன்னாவின் படை வீழ்த்தியது. காத்து நின்ற போராளிகள் ஏறக்குறைய எல்லோருமே மடிந்தார்கள். மார்ச் 27 அன்று கோலியாட் என்ற இடத்தில், சரணடைந்த கைதிகள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அவருடைய ஆணைப்படி சுட்டுக் கொன்றார்கள். மெக்சிகோ தரப்பின் கையிலும் ரத்தம் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 21 பிற்பகல். இன்றைய ஹூஸ்டனுக்குக் கிழக்கே, சான் ஹசின்டோ ஆற்றருகே, மெக்சிகப் படை அயர்ந்திருந்த வேளையில் சாம் ஹூஸ்டனின் சுமார் 900 பேர் கொண்ட படை பாய்ந்தது. போர் 18 நிமிடத்தில் முடிந்தது என்று டெக்ஸாஸ் பள்ளிப் பிள்ளைகள் பெருமையோடு சொல்வார்கள். முடிந்தது போர்தான். கொலை முடியவில்லை. அலாமோவை நினைவில் கொள் என்று கத்திக்கொண்டே, சதுப்பில் இறங்கி ஓடியவர்களையும் கைதூக்கியவர்களையும் வெகுநேரம் வேட்டையாடினார்கள். மெக்சிகர் சுமார் 630 பேர் இறந்தார்கள். டெக்ஸாஸ் தரப்பில் இறந்தவர்கள் 9 பேர். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நடந்தது முழுக்கப் போர் என்று சொல்ல நாக்கு எழாது. இன்று அந்த இடத்தில் 567 அடி உயரத் தூண் ஒன்று நிற்கிறது, வாஷிங்டனில் இருக்கும் புகழ்பெற்ற நினைவுத் தூணைவிட உயரமானது.

பிறந்த புதுக் குடியரசின் அரசியலமைப்பு என்ன சொன்னது? அடிமைகளை விடுவிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் சுதந்திரக் கறுப்பினத்தவர் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது. 1836 என்ற எண்ணை மெக்சிகரின் காயமாக மட்டும் பேசிவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

இனி 2006க்கு வருவோம். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஹூஸ்டன் மக்களில் நூற்றுக்கு 37 பேர் லத்தீன் அமெரிக்க வழியினர். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் மெக்சிக வேர் உள்ளவர்கள். அந்த ஊரில் சாக்கர் யாருடைய ஆட்டம் என்று ஒருவரும் கேட்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூங்காக்களில் ஆடுகிறவர்கள் அவர்கள். மெக்சிகோவின் தேசிய அணி ஹூஸ்டனுக்கு வந்தால் மாபெரும் மைதானத்தை நிரப்புகிறவர்களும் அவர்களே. அணியின் நிர்வாகமும் இவர்களை நம்பித்தான் ஹூஸ்டனுக்கே வந்தது. அப்படி வந்து, இவர்கள் கையில் கொடுத்த ஜெர்சியின் மார்பில் 1836.

எதிர்ப்பு அறிவித்த உடனேயே கிளம்பியது. மெக்சிக அமெரிக்கத் தலைவர்கள் பேசினார்கள், நாளிதழ்கள் எழுதின. பல பேர் பேசவே இல்லை. அந்தச் சட்டையை நான் வாங்க மாட்டேன், என் பையனுக்கும் வாங்கித் தர மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். ஒரு வியாபாரியை அச்சுறுத்துவது இந்த இரண்டாவது வகைதான்.

பெயரை மாற்றக் கூடாது என்ற மறுபக்கத்து ரசிகர்களின் கோபத்தை நான் ஏளனம் செய்யப் போவதில்லை. ரசிகனுக்கு அணியில் சொந்தமானது என்ன? வீரர்கள் ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுவார்கள். உரிமையாளர் ஒரு நாள் காலையில் அணியையே வேறு மாநிலத்துக்கு ஓட்டிப் போய்விடுவார், சான் ஹொசேவில் நடந்ததைப் பார்த்தோம். மிஞ்சுவது பெயர், வண்ணம், பாட்டு. அதைக் கேட்டு வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுச் சில வாரத்தில் திருப்பிக் கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

அந்த ரசிகர்கள் வைத்த வாதங்களில் ஒன்று எனக்கு வலுவாகப் பட்டது. டெக்ஸாஸ் விடுதலைக்காக மெக்சிகரும்தானே போராடினார்கள், பிறகு இது எப்படி அவர்களுக்கு எதிரான ஆண்டாகும்? உண்மை. டெக்ஸாஸில் வாழ்ந்த ஸ்பானிஷ் பேசும் மெக்சிகர்களை தெஹானோக்கள் என்பார்கள். ஹோசே அன்டோனியோ நவாரோ விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். லொரென்சோ டி சவாலா குடியரசின் முதல் துணை அதிபர். ஹுவான் செகின் அலாமோவிலிருந்து உதவி கேட்டுத் தூது போனதால் உயிர் பிழைத்தவர். சான் ஹசின்டோவில் தெஹானோ படைப்பிரிவை நடத்தியவரும் அவரே. அலாமோவில் மடிந்து எரிக்கப்பட்டவர்களின் சாம்பலைத் தேடி எடுத்து, அடுத்த ஆண்டு மரியாதையோடு அடக்கம் செய்ததும் அவர்தான்.

ஆனால் செகினின் பெயரைச் சொல்கிறவர்கள் 1836ஓடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் வாழ்க்கை அங்கே நிற்கவில்லை. குடியரசில் செனட்டராக இருந்தார், சான் அன்டோனியோவின் மேயரானார். புதிதாக வந்து குவிந்த வெள்ளையர்களுக்கு நிலம் வேண்டியிருந்தது, இவர் குறுக்கே நின்றார். மெக்சிகோவின் கையாள் என்று பழி சுமத்தினார்கள். 1842இல் உயிருக்குப் பயந்து, எந்த நாட்டை எதிர்த்துப் போரிட்டாரோ அதே மெக்சிகோவுக்கு ஓடினார். அங்கே துரோகி என்று பிடித்து, சிறையா படையா என்றார்கள். டெக்ஸாஸுக்கு எதிராக ஆயுதம் ஏந்த வேண்டியதாயிற்று. 1890இல் எல்லைக்கு அந்தப்புறம், நுவேவோ லாரெடோவில் இறந்தார். எலும்புகள் டெக்ஸாஸுக்குத் திரும்பி வர 1970கள் வரை ஆயிற்று. அவர் பெயரில் அங்கே ஓர் ஊரே இருக்கிறது. உயிரோடு இருந்தவருக்குத்தான் இடமில்லாமல் போனது. தெஹானோக்களும் போராடினார்களே என்பதற்கு மெக்சிக அமெரிக்கர்கள் சொல்லும் பதில் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. ஆமாம், போராடினோம். பிறகு எங்களுக்கு என்ன நடந்தது?

இந்த விவாதம் ஊரில் நன்றாக நடந்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும்! நடக்கவிடவில்லை. நிர்வாகம் சத்தமில்லாமல் பின்வாங்கியது. 2006 மார்ச் 6 அன்று புதுப் பெயரை அறிவித்தார்கள்: ஹூஸ்டன் டைனமோ. தேதியைக் கவனித்தீர்களா? அலாமோ வீழ்ந்த மார்ச் 6. சரியாக 170 ஆண்டு. வேண்டுமென்றே வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நாள்காட்டியைப் பார்க்காமல் பெயர் வைத்து மாட்டிக்கொண்டவர்கள், பெயரை மாற்றும்போதும் நாள்காட்டியைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

டைனமோ என்பதற்கும் காரணம் சொன்னார்கள். ஹூஸ்டன் எண்ணெய்க் கம்பெனிகளின் ஊர், எரிசக்தியின் தலைநகரம், சோர்வே அறியாத நகரம். 1980களில் டைனமோஸ் என்றொரு பழைய அணியும் அங்கே இருந்தது. நல்லது. இந்தத் தடவை யாரும் தெருவில் இறங்கவில்லை.

கால்பந்தோடு சம்பந்தமுள்ள கிழக்கு ஐரோப்பியர் யாரிடமாவது டைனமோ என்று சொல்லிப் பாருங்கள். 1923இல் மாஸ்கோவில் அந்த விளையாட்டுச் சங்கம் தொடங்கியது சோவியத் ரகசியப் போலீசின் நிழலில். போலீசின் தலைவர் ஃபெலிக்ஸ் ஜெர்ஷின்ஸ்கிதான் அதற்குப் புரவலர். பிறகு கீவ், மின்ஸ்க், திபிலிசி என்று டைனமோக்கள் முளைத்தன. 1939இல் ஸ்பார்டக் மாஸ்கோ அணி கோப்பை அரையிறுதியில் டைனமோ திபிலிசியை வென்றது. இறுதி ஆட்டத்தையும் ஆடிக் கோப்பையையும் வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு, முடிந்துபோன அந்த அரையிறுதியை மறுபடி ஆடச் சொன்னார்கள்! திபிலிசியின் பெரிய ரசிகர் ரகசியப் போலீசின் அன்றைய தலைவர் லாவ்ரென்டி பெரியா. மறு ஆட்டத்திலும் ஸ்பார்டக்கே ஜெயித்தது. 1942இல் ஸ்பார்டக்கை உருவாக்கிய ஸ்டாரோஸ்டின் சகோதரர்களைக் கைது செய்தார்கள். அண்ணன் நிக்கோலாய் பல ஆண்டு முகாம்களில் கழித்தார். கிழக்கு ஜெர்மனியின் பெர்லின் டைனமோவைக் கட்டிக் காத்தவர் உளவுத்துறைத் தலைவர் எரிக் மீல்கே. அந்த அணி 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து முறை சாம்பியன் ஆனது. நடுவர்களின் விசிலைப் பற்றி அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள்.

ஆக, ஒரு போரின் ஆண்டை விட்டுவிட்டு ரகசியப் போலீசின் வழிவந்த பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஹூஸ்டன் கேலரியில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை, ஏனென்றால் அந்தப் போலீஸ் கதவைத் தட்டிய வீடுகளின் பேரப்பிள்ளைகள் அந்த கேலரியில் இல்லை, இருந்தாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். 1836 யாருடைய தாத்தாக்களின் கதையோ அவர்கள் டிக்கெட் வரிசையில் நின்றார்கள். இந்த முழு விவகாரத்திலும் எனக்குச் சங்கடம் தருவது இதுதான். முடிவு சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முடிவெடுத்தது நியாயம் அல்ல, டிக்கெட் கவுன்ட்டர்.

வாஷிங்டனைப் பாருங்கள். அந்த நகரின் அணி ஒன்று, தலைக்கவசம் போட்டு ஆடும் 'ஃபுட்பால்' அணி, பழங்குடியினரை இழிவுபடுத்தும் சொல் என்று அகராதிகளே குறித்த 'ரெட்ஸ்கின்ஸ்' என்ற பெயரை 1933 முதல் வைத்திருந்தது. பழங்குடிச் செயற்பாட்டாளர் சூசன் ஹார்ஜோவும் வேறு சிலரும் 1992இலேயே அந்தப் பெயரின் வணிகக்குறிப் பதிவை ரத்து செய்யக் கோரி வழக்குத் தொடுத்தார்கள். ஆண்டுக்கணக்காக அலைந்தார்கள். 2013இல் உரிமையாளர் டான் ஸ்னைடர், பெயரை ஒருபோதும் மாற்றப் போவதில்லை என்று பத்திரிகையிடம் அடித்துச் சொன்னார். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு நாடே கொதித்தபோது, மைதானத்துக்குத் தன் பெயரை வைத்திருந்த ஃபெடெக்ஸ், கூடவே நைக்கி, பெப்சிகோ போன்ற பெரிய நிறுவனங்கள் நெருக்கின. ஜூலை 13 அன்று பெயர் போயிற்று. 87 ஆண்டு! ஹூஸ்டனில் 40 நாள். ஹூஸ்டன்காரர்களுக்கு மனசாட்சி அதிகம் என்று இதற்கு அர்த்தம் சொல்ல முடியுமா? பழங்குடியினர் வாஷிங்டன் கேலரியை நிரப்பும் எண்ணிக்கையில் இல்லை. இருந்திருந்தால் அந்த அணியும் நாற்பது நாளில் திருந்தியிருக்கும்.

எண்ணிக்கையில் சிறிய மக்கள் வேறு யாராவது வந்து பேசும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. சில சமயம் பேச்சு நேரடியாகவும் நடக்கிறது. ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணியின் பெயர் செமினோல்ஸ். 2005இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு பழங்குடிப் பெயர்களுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, ஃப்ளோரிடாவின் செமினோல் மக்களே எங்களுக்குச் சம்மதம் என்றார்கள். பெயர் நிலைத்தது. பழங்குடிப் பெயர் என்றாலே நீக்கு என்ற விதியைவிட, உரியவரைக் கேள் என்ற நடைமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஹூஸ்டனில் ரசிகர்களைக் கேட்டோம் என்றார்கள். யாரைக் கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள், செகினின் ஊர்க்காரர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார்களா என்பதுதான் விஷயம்.

அணி என்னவோ வெளுத்துக் கட்டியது. 2006 ஏப்ரல் 2 அன்று முதல் லீக் ஆட்டத்தில் கொலராடோவை 5-2 என்று வென்றது. பிரையன் சிங் மட்டும் நான்கு கோல். 2006, 2007 இரண்டு ஆண்டும் கோப்பை ஹூஸ்டனுக்குத்தான். ஜெயிக்கிற அணியின் பெயரைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. 2008இல் மெக்சிக அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஆஸ்கார் டி லா ஹோயா அணியின் பங்குதாரர்களில் ஒருவரானார்.

கேலரியில் ஒரு வேடிக்கை. அந்த அணிக்கு ரசிகர் கூட்டங்கள் பல. ஒன்றின் பெயர் 'டெக்ஸியன் ஆர்மி'. சான் ஹசின்டோவில் பாய்ந்ததே, அதே படையின் பெயர். இன்னொன்று 'எல் பத்தாயோன்', ஸ்பானிஷ் முழக்கங்களோடு முரசு அடிக்கும் கூட்டம். நிர்வாகம் கைவிட்ட 1836, ரசிகர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட பெயரில் தொடர்ந்து இருந்தது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எர்த்க்வேக்ஸ் என்று சொன்னேனே, அதுபோல ஒரு கூட்டம் தன் பாட்டனின் நினைவைத் தன் பனியனில் எழுதிக்கொள்ளலாம். விருப்பமிருந்தால் நீங்கள் சேரலாம், இல்லாவிட்டால் முரசுக்காரர்கள் பக்கம் போய் நிற்கலாம். அணியின் பெயர் அப்படியல்ல. அது எல்லா வாயிலிருந்தும் வர வேண்டியது. தோற்றவனின் பேரனையும் சேர்த்து வென்றவனின் ஆண்டைக் கத்தச் சொல்வது அராஜகம்.

கடைசியாக, இந்தப் பேச்சைத் தயாரிக்கும்போது ஒரு நண்பர் மடக்கினார். அப்படியானால் ஊரின் பெயரே ஹூஸ்டன் ஆயிற்றே, அதையும் மாற்றலாமா? மாற்றச் சொல்லி அங்கே ஓர் இயக்கம் எழுந்ததாக நான் அறியவில்லை, எனக்கும் அந்த எண்ணம் இல்லை. சாம் ஹூஸ்டன் அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆனால் கைதியான சாண்டா அன்னாவைத் தூக்கில் போட வேண்டும் என்று சொந்தப் படையே கத்தியபோது விடாமல் காப்பாற்றியவரும் அவர். 1861இல் அடிமை மாநிலங்களின் கூட்டமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, ஆளுநர் பதவியை இழந்தார். அவர் வாழ்ந்தது எழுபது ஆண்டு. அந்த எழுபதையும் ஒரு பிற்பகலின் 18 நிமிடத்துக்குள் அடைத்துக் குதிரைமேல் ஏற்றிவிட்ட அந்தச் சின்னம் மெக்சிகர்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும் நியாயம் செய்யவில்லை.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். கால்பந்து தெரியாதவர்கள் முதலில் கேளுங்கள்.